வேக்குவம் பை முதல் பெட்டிக் கட்டில் வரை: வீட்டு அடைசலுக்கு விற்கும் சாமான்கள் தேறுமா?

வீட்டில் சாமான் அடைந்து கிடக்கிறது என்றால் உடனே தோன்றும் யோசனை இன்னொரு சாமான் வாங்குவதுதான். காற்றை உறிஞ்சும் பை, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் பெட்டி, அடியில் குகை மாதிரி இடம் விட்ட கட்டில், இரும்பு ரேக். இவற்றை மதிப்பிட நாம் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. உள்ளே போன பொருளை ஒரே ஆள், ஏணியும் துணையும் இல்லாமல், ஒரு நிமிஷத்துக்குள் வெளியே எடுக்க முடிகிறதா? எடுக்க முடியாத இடத்துக்குப் போன பொருள் இருப்பதே மறந்துவிடும். மறந்ததைத் திரும்ப வாங்குவோம். மூன்று கத்தரிக்கோலும் நான்கு டார்ச் லைட்டும் வீட்டுக்குள் வந்து சேரும் வழி இதுதான்.

அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றுவதும் வேக்குவம் பை. ஐந்தாறு பைகளும் ஒரு கைப்பம்பும் சேர்ந்த செட்டாக வரும். நல்ல பை இரண்டு அடுக்குப் படலத்தால் ஆனது: வெளியே நைலான், உள்ளே பாலிஎத்திலீன். காற்றைத் தடுப்பது நைலான். ஓரங்கள் ஒட்டவும் ஜிப் அமையவும் பாலிஎத்திலீன். நைலான் இல்லாத மலிவு ரகம் பார்வைக்கு அதே போலத்தான் இருக்கும். ஆனால் படலம் வழியாகவே காற்று கசிந்து, ஒன்றிரண்டு மாதத்தில் பை தலையணை மாதிரி ஊதி நிற்கும். அட்டையில் பிஏ (நைலான்), பிஇ (பாலிஎத்திலீன்) என இரண்டும் போட்டிருந்தால் வாங்கலாம். வெறும் பிளாஸ்டிக் என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

80 சதவீதம் இடம் மிச்சம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது முழுப் பொய் அல்ல. பஞ்சடைத்த ரஜாய்க்கும் பாலியஸ்டர் தலையணைக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும், ஏனெனில் அவற்றில் பெரும்பகுதி காற்றுதான். மடித்த வேட்டி, காட்டன் புடவை, ஜீன்ஸ் ஆகியவற்றில் உறிஞ்சக் காற்றே அதிகம் இல்லை. அடுக்கு கொஞ்சம் தட்டையாகும், அவ்வளவே. எடை ஒரு கிராம்கூடக் குறையாது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. நெருக்கி அடைத்த பெரிய பை 10 கிலோவைத் தாண்டும். பலகை போல விறைத்து, பிடி இல்லாமல், வழுக்கும். ஸ்டூலில் ஏறி அதைத் தலைக்கு மேலே பரணில் தள்ளுவது அறுபது வயதுக்காரர் செய்யக்கூடிய வேலை அல்ல.

பயன்படுத்தும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துணியைத் துவைத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பிறகு வீட்டுக்குள் ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூடாகவே அடைத்தால் துணியில் மிச்சமிருக்கும் ஈரம் குளிர்ந்ததும் பையின் உட்புறம் வியர்த்து நிற்கும், கரும்புள்ளி விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பையில் குறித்திருக்கும் கோடு வரைக்கும், அதாவது முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். ரவிக்கைக் கொக்கி, புடவையில் மறந்துபோன ஊக்கு, ஜீன்ஸ் ஜிப் எல்லாம் உள்பக்கமாக மடிந்திருக்க வேண்டும். வாயில் நான்கு விரல் இடம் விட்டு, ஜிப்பின் இரண்டு பள்ளங்களையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, வழுக்கியை இரண்டு தடவை ஓட்டுங்கள். பம்பு வைத்து இழுக்கும்போது பை இறுகியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் மடிப்பு முனைகளில் ஊசித் துளை விழும். கைப்பம்பால் பெரிய பையை இறுக்குவதற்குள் தோள் கழன்றுவிடும். வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் குழாய் வால்வின் மேல் சரியாக உட்காருகிறதா என்று வாங்குமுன்பே அளந்து பாருங்கள்.

இறுக்கிய பையை உடனே பரணுக்கு ஏற்றாதீர்கள். ஒரு நாள் தரையிலேயே கிடக்கட்டும். மறுநாள் தளர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. பெரும்பாலும் ஜிப்பில் ஒரு தலைமுடியோ பஞ்சு நூலோ சிக்கியிருக்கும். அது இல்லையென்றால், காலிப் பையை ஊதி ஜிப்பை மூடி, மூலைகளைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஓட்டைக்கு டேப் ஒட்டலாம். ஜிப் பல் வளைந்துவிட்டால் அந்தப் பை தீர்ந்தது.

பட்டுப்புடவையை இதில் வைக்கவே கூடாது. மாதக்கணக்கில் அழுந்திய மடிப்பில் ஜரிகை உடையும். பட்டை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வைக்கச் சொல்வதே அதற்காகத்தான். இலவம்பஞ்சுத் தலையணை, மெத்தை இரண்டும் நசுங்கினால் பழைய உப்பலுக்குத் திரும்பாது. தோல் பை ஒட்டிக்கொள்ளும். பாச்சை உருண்டையும் உள்ளே போட வேண்டாம். அடைபட்ட வாடை துணியைவிட்டு லேசில் போகாது.

நம் தீர்ப்பு: விருந்தாளிகளுக்கான ரஜாய், தலையணைகளுக்கு இரண்டு பை போதும். உள்ளே இருப்பதையும் தேதியையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஆறு பை செட் வாங்கினால் ஆறையும் நிரப்பத் துணி தேட ஆரம்பிப்போம், எச்சரிக்கை.

அடுத்தது பெட்டிக் கட்டில். 60க்கு 78 அங்குலக் குயின் சைஸ் கட்டிலில் 10 அங்குல ஆழத்துக்கு அடிப்பெட்டி இருந்தால் உள்ளே 700 லிட்டருக்கு மேல் இடம். நடுத்தரக் குடும்பத்து ஃபிரிட்ஜ் இரண்டரை, மூன்று கொள்ளும் அளவு. படுக்கையறையில் இவ்வளவு பெரிய, இவ்வளவு கண்ணுக்குத் தெரியாத இடம் வேறு கிடையாது. ஆபத்தும் அங்கேதான்.

மேல் பலகையைக் கையால் தூக்கும் ரகம் மலிவு. ஆனால் மெத்தையைச் சுருட்டி ஒரு பக்கம் சாய்த்துவிட்டுப் பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவைதான் திறப்பார்கள். ஹைட்ராலிக் என்று விற்கும் ரகத்தில் எண்ணெய் அழுத்தம் தூக்குவதில்லை. இரண்டு பக்கமும் இருக்கும் உருளைக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு தூக்குகிறது. உருளையில் 800, 1,000, 1,200 என்று நியூட்டன் கணக்கு அச்சாகியிருக்கும். மெத்தையின் எடைக்கு ஏற்பத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனமான தேங்காய் நார் மெத்தைக்கு என்று போட்ட உருளையோடு லேசான ஃபோம் மெத்தையை வைத்தால் மூடி முழுக்கப் படியாமல் எழும்பி நிற்கும். தலைகீழாக மாற்றினால் மூடி தடாலென்று விழும். குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல. கடையில் வெறும் பலகையோடு திறந்து காட்டுவதை நம்பாதீர்கள். மெத்தையை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். பாதியில் கையை விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வாயு வருஷப்போக்கில் குறைவது இயல்பு. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மூடி கோணலாகி கீல் திருகு பிடுங்கிக்கொள்ளும்.

மரம் எது என்று கேளுங்கள். விலை குறைந்த கட்டில்கள் துகள் பலகை. தினம் தண்ணீர் விட்டுத் துடைக்கும் தரையைத் தொட்டு நிற்கும் பெட்டியின் அடி ஓரம், லேமினேட் பிளந்த இடத்தில் ஈரத்தை உறிஞ்சி, பிஸ்கட் போல உப்பும். அடிப் பலகைக்காவது ஈரம் தாங்கும் ரகத்துக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் இருப்பது நல்லது. ஐஎஸ் 303-இல் சாதாரண ரகம் ஈரத்தை ஓரளவுதான் தாங்கும். பெட்டிக்குக் காற்றோட்டத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரும்பாலான கட்டில்களில் இருக்காது. தச்சரிடம் சொல்லி தலைமாட்டுப் பக்கம் நான்கு துளை போட்டு வலை அடிக்கலாம். தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது தூக்கி நிற்கும் கால் இருந்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

உள்ளே எதை வைப்பது? பெட்டிகள், மெத்தை விரிப்பு, ஜமக்காளம். உதிரிச் சாமான்களைக் கொட்டாதீர்கள். காகிதம், பழைய ஆல்பம், பாடப்புத்தகம் வைத்தால் இராமபாணப் பூச்சிக்குக் குடித்தனம் வைத்துக்கொடுத்த மாதிரி. ஹைட்ராலிக் ரகத்துக்கு, சரியான உருளையோடு, பாஸ் மார்க் உண்டு. கையால் தூக்கும் ரகம் வேண்டவே வேண்டாம். அந்தக் காசுக்குப் பக்கவாட்டில் இழுக்கும் டிராயர் வைத்த கட்டில் வாங்கினால் ஆழம் குறைவானாலும் வயதானவர் உட்கார்ந்தபடியே திறந்துகொள்வார்.

ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கை, அதாவது துளை போட்ட இரும்புச் சட்டங்களில் தட்டுகளை நட்டால் பூட்டும் ரேக்கை, கடைக்காரச் சாமான் என்று ஒதுக்குகிறோம். உண்மையில் இந்தப் பட்டியலிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான். மூடி இல்லை, கதவு இல்லை, இருப்பது எல்லாம் தெரியும். அதுவே அதன் பெருமை. அழகில்லை என்பது மட்டுமே குறை. நிற்கும் ஆங்கிள் 14 கேஜ், அதாவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். தட்டு 20 கேஜ் போதும். கேஜ் எண் கூடினால் தகடு மெல்லியது; 22 கேஜ் தட்டில் புத்தகம் அடுக்கினால் நடுவில் தொய்யும். 3 அடித் தட்டில் நெருக்கி வைத்த புத்தகம் 20 முதல் 30 கிலோ இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆழம்தான் முக்கியம். கடையில் 18 அங்குலம் எடுங்கள் என்பார்கள், கேட்காதீர்கள். 12 அங்குலம் போதும், மிஞ்சினால் 15. 18 அங்குலத்தில் முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டு உண்டாகும். பின்வரிசையில் போன ஊறுகாய் ஜாடி அடுத்த வெள்ளையடிப்பின்போதுதான் வெளியே வரும்.

பூட்டும்போது நான்கு மூலைகளிலும் முக்கோணத் தகடு போடச் சொல்லுங்கள். கீழ்த் தட்டுக்கும் மேல் தட்டுக்கும் கட்டாயம். அது இல்லாத ரேக் பக்கவாட்டில் ஆடும்; நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. 6 அடிக்கு மேல் உயரமானால் மேலே இரண்டு இடத்தில் எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு பிடித்துவிட வேண்டும். கனமானதைக் கீழே அடுக்க வேண்டும். காலுக்கு ரப்பர் ஷூ போடாவிட்டால் டைல்ஸில் துருக் கறை நிச்சயம்.

பிளாஸ்டிக் பெட்டிகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது தெரியும் பாலிபுரோப்பிலீன் பெட்டி, 20 அல்லது 25 லிட்டர். 60 லிட்டர் பெட்டியில் துணி நிரம்பினால் நகர்த்தவே முடியாது. சக்கரம் கட்டியிருந்தாலும் அது முதல் கோடையிலேயே உடையும். லேபிளை மூடியில் ஒட்டாமல் பக்கவாட்டில் ஒட்டுங்கள். அடுக்கியபின் மூடி தெரியாது, மூடிகள் இடம் மாறவும் செய்யும்.

காசு கொடுத்து வாங்காத சேமிப்புச் சாதனம் ஒன்றும் உண்டு: ஜவுளிக்கடைக் கட்டைப்பை. எந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் பைக்குள் பை, அதற்குள் பை என்று தொங்கும். அவசரத்துக்கு விருந்தாளி வருகிறார் என்றால் மேசையில் இருந்த ரசீது, சார்ஜர், மாத்திரை, ரப்பர் பேண்ட் எல்லாம் ஒரு கட்டைப்பையில் விழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடும். ரேஷன் கார்டும் பழைய பஸ் டிக்கெட்டும் ஒரே பையில் கிடப்பதால் அந்தப் பையைத் தூக்கி எறியவும் முடியாது. பத்துப் பைகளை எண்ணி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் காய்கறிக் கடைக்காரரிடம் கொடுங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்.

இனி, வீட்டைவிட்டு வெளியே அனுப்பும் சேவைகள். பழைய பேப்பர் கடைக்கு நிகர் இல்லை. செய்தித்தாள், நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி மூன்றையும் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். கலந்து கொடுத்தால் குறைந்த விலைதான் எல்லாவற்றுக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிக் கொடுங்கள். பித்தளை, செம்புக்கு விலை அதிகம். இரும்போடு ஒரே கொக்கியில் நிறுக்க விடாதீர்கள். தெர்மோகோல், தலையணை, மெத்தை, பீங்கான், ட்யூப் லைட் ஆகியவற்றை எடுக்க மாட்டார்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய சோபா, மெத்தை, துணி போன்றவற்றை மாநகராட்சி சனிக்கிழமைகளில் வந்து எடுக்கும் ஏற்பாடு உண்டு. 1913 எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ கேட்கலாம். போகி வரைக்கும் காத்திருந்து கொளுத்துவது யோசனையே அல்ல. ரெக்ஸினும் ஒயரும் எரிந்த புகை தெருவில் உள்ள குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகும்.

பழைய போன், பவர் பேங்க், லேப்டாப் பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளும், பேட்டரிகளுக்கென்று தனியாக உள்ள 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளும் அவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். உப்பியிருக்கும் பேட்டரி டிராயரில் இருந்தால் இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு முதலில் அதை வெளியே எடுத்து, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாமல் வையுங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்தால்? வியாபாரம் நல்ல வியாபாரம்தான். ஆனால் ஒரு மூட்டை துணி போய் ஒரு எவர்சில்வர் பேசின் வந்து சேரும். ஏற்கெனவே பரணில் சீர்வரிசைப் பேசின் நான்கு இருக்கும். துணியைப் பாத்திரம் வாங்காமல் கொடுக்க மனசு வருகிறதா என்பதே ஒரு நல்ல சோதனை.

மேலே சொன்னதெல்லாம் சாமான் கொஞ்சம் மிதமிஞ்சிப்போன வீட்டுக்கு. எதையுமே விட முடியாமல் தவிப்பவர் இருக்கும் வீட்டில் இந்தச் சாதனங்கள் எதுவும் வேலைக்கு ஆகாது, கெடுதலும் செய்யும். தமிழில் இதைப் பதுக்கல் என்று எழுதுகிறார்கள். அரிசி மூட்டையை மறைத்து வைத்து விலையேற்றும் மொத்த வியாபாரி நினைவுக்கு வருவதால் அந்தச் சொல் பொருந்தாது. சேர்த்துவைக்கும் கோளாறு என்றே சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல், மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதைத் தனி நோயாகப் பிரித்தது. அதற்கு முன் எண்ணச்சுழற்சி நோயின் (ஓசிடி) ஒரு கிளையாகவே பார்த்தார்கள். அடையாளங்கள் தெளிவானவை. மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் எதையும் கழிக்க முடியாது. கழிக்க நேர்ந்தால் உண்மையான வேதனை. கடைசியில் கட்டிலில் படுக்க முடியாது, அடுப்படியில் சமைக்க முடியாது. சிக்கனமும் இதுவும் ஒன்றல்ல. சிக்கனக்காரர் சேர்த்த கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய் போடுவார். இவரிடம் பாட்டில் இருக்கும் அறைக்குள் போகவே வழி இருக்காது.

நிலைமையை அளக்க இலவசமான கருவி ஒன்று உண்டு. ராண்டி ஃப்ராஸ்ட், கெய்ல் ஸ்டெகட்டீ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட படவரிசை அளவுகோல். வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை மூன்றுக்கும் தலா 9 படங்கள். முதல் படம் சுத்தமான அறை, ஒன்பதாவது கூரைவரை குவிந்த அறை. நம் அறை எந்தப் படத்துக்கு நெருக்கம் என்று பார்க்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உதவி தேவை. வாதத்துக்கு இடமில்லாமல் செய்வது இதன் பலம். நீ மிகைப்படுத்துகிறாய், அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்ற சண்டைகள் படத்தின் முன் அடங்கிவிடும். பலவீனம் என்னவென்றால், திறந்த தரையை மட்டுமே இது பார்க்கிறது. பரண், பீரோ, பெட்டிக் கட்டில், மொட்டைமாடி அறை எதுவும் கணக்கில் வராது. 700 லிட்டர் சாமானைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் 5ஆக இருந்த அறை 2 ஆகிவிடும். சாமான் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. மேலே பார்த்த சாமான்களில் மூடி உள்ளவை எல்லாம் இந்த வீட்டில் செய்யும் வேலை இதுதான்.

சேர்த்துவைப்பவர் யாருடைய கல்யாணத்துக்காவது ஊருக்குப் போன இரண்டு நாளில் மொத்தத்தையும் லாரியில் ஏற்றிவிடலாம் என்று பிள்ளைகள் திட்டமிடுவது சகஜம். செய்யாதீர்கள். நம்பிக்கை போய்விடும், காலியான இடம் சில மாதங்களில் நிரம்பும், இந்தமுறை பூட்டும் போட்டுக்கொள்வார். அறுபதுக்கு மேல் திடீரென்று இந்தப் பழக்கம் தொடங்கினால் மறதி நோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் சிகிச்சைதான் பலன் தருகிறது. அதில் பாதி வேலை புதிதாக எதையும் வாங்கி வராமல், பொறுக்கி வராமல் இருக்கப் பழகுவது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் எண்ணச்சுழற்சி நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

சிகிச்சை தொடங்கும்வரை அழகைப் பற்றிப் பேச வேண்டாம். தீயைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கட்டிலிலிருந்து வாசல்வரை 3 அடி அகலத்தில் ஒரு வழி. அடுப்பையும் சிலிண்டரையும் சுற்றி 3 அடிக்குக் காகிதமும் துணியும் இல்லாத இடம். மெயின் சுவிட்சுக்குக் கை எட்ட வேண்டும். இந்த மூன்றும் முடிந்தபின் ஒரு நாளைக்கு 20 நிமிஷம், ஒரே ஒரு வகைச் சாமான். காலி டப்பாக்களில் தொடங்குங்கள். புகைப்படம், கடிதம், இறந்தவரின் துணி எல்லாம் கடைசியில். ஒவ்வொன்றையும் அவர் கையால் எடுத்து அவரே சொல்ல வேண்டும்: இருக்கட்டும், போகட்டும். அப்புறம் பார்க்கலாம் என்ற மூன்றாவது குவியல் வேண்டாம்; அது மறுநாள் பழைய இடத்துக்கே திரும்பும். உடன் இருப்பவர் குவியலில் கை வைக்கக் கூடாது, பை பிடித்துக்கொண்டால் போதும். போகட்டும் என்ற பையின் வாயை அங்கேயே கட்டி, அன்று மாலையே பழைய பேப்பர் கடையில் சேர்த்துவிடுங்கள். இரவு முழுக்க வராந்தாவில் கிடந்த பை காலையில் பிரிந்திருக்கும்.